செல்லுக்குள் நூறு, வெளியே நாலு

எங்கள் லேபில் அதிகம் சண்டையைக் கிளப்பும் சொல் ‘ஹீமோலைஸ்டு’, அதாவது சிவப்பணுக்கள் உடைந்துபோன சாம்பிள். ரத்த சாம்பிளை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். சில சாம்பிள் ரோஸ் நிறத்தில் வரும், சில அடர் சிவப்பாகவே வரும். மெஷினில் ஏற்றினால் பொட்டாசியம் 7.1 என்று காட்டும். அந்த எண் உண்மையென்றால் நோயாளியின் இதயத் துடிப்பு எந்த நிமிஷமும் தாறுமாறாகலாம். ஆனால் வார்டில் விசாரித்தால் ஆள் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். “இன்னொரு சாம்பிள் அனுப்புங்க சிஸ்டர்” என்று சொன்னதும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “நரம்பே கிடைக்காம எடுத்தது மேடம். மத்த ரிசல்ட் எல்லாம் சரியாத்தானே வந்திருக்கு, பொட்டாசியம் மட்டும் எப்படித் தப்பா வரும்?”

நியாயமான கேள்விதான். போனில் பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்மா என்ற திரவத்தில் 3.5 முதல் 5 வரைதான். சோடியம் இதற்குத் தலைகீழ்: வெளியே 140 பக்கம், உள்ளே பத்து சொச்சம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ரத்தத்தில் 45 சதவீதம் சிவப்பணு என்று வைத்துக்கொண்டால், நூறு செல்லில் ஒரே ஒரு செல் உடைந்தாலும் பிளாஸ்மாவின் பொட்டாசியம் 0.8 மில்லிமோல் ஏறிவிடும். 4.2 இருந்தவருக்கு 5.0 என்று ரிப்போர்ட் போகும். நூற்றில் மூன்று நான்கு உடைந்தால் 7-ஐத் தொட்டுவிடும். சர்க்கரை, யூரியா போன்றவை செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசமில்லாமல் இருப்பதால் அவை அவ்வளவாக அசையாது. சிஸ்டர் சொன்ன ‘மத்த ரிசல்ட்’ இவைதான்.

ஆக, மெல்லிய ஊசி வழியே ரத்தத்தை வேகமாக இழுத்தபோது கிழிந்தது செல்லின் சவ்வு. மெஷினில் நான் பார்த்தது அந்தக் கிழிசலின் விளைவு.

பள்ளிப் புத்தகத்தில் செல் சவ்வு என்று ஒரு படம் உண்டு. உருண்டைத் தலை, இரண்டு வால், எதிரெதிராக இரண்டு வரிசை. நடுவில் அங்கங்கே ‘புரதம்’ என்று அம்புக்குறி போட்ட கட்டிகள். ‘செல்லின் எல்லை, தேர்ந்தெடுத்து அனுமதிக்கும்’ என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், ஒருமுறை கட்டிவிட்டால் தானாக நிற்கும் சுவர் என்றுதான் சவ்வை நினைக்கிறார்கள். நானும் படிப்பு முடிக்கும்வரை அப்படித்தான் படித்தேன். லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்தது, உள்ளே நூறு வெளியே நாலு என்ற அந்த வித்தியாசம் எவ்வளவு செலவு பிடித்த சமாச்சாரம் என்று.

முதலில் அந்தச் சவ்வு எவ்வளவு மெல்லியது என்று பார்த்துவிடலாம். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். சிவப்பணுவின் குறுக்களவு 7.5 மைக்ரோமீட்டர். அதாவது செல்லின் அகலத்தில் ஆயிரத்து ஐநூறில் ஒரு பங்கு. என் மைக்ராஸ்கோப்பில் தெரியும் செல்லின் விளிம்பு உண்மையில் சவ்வு இல்லை. ஒளி வளைவதால் தெரியும் கோடு. சவ்வை நேரடியாகப் பார்க்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வரவேண்டியிருந்தது. 1950-களின் கடைசியில் டேவிட் ராபர்ட்சன் எடுத்த படங்களில் இரண்டு கருங்கோடுகளும் நடுவே ஒரு வெளிர்கோடும் தெரிந்தன.

அதற்கு முன்பே, பார்க்காமலேயே, ஆட்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பிடித்த கதை. 1890-களில் சூரிச்சில் எர்னஸ்ட் ஓவர்ட்டன் என்பவர் செடிகளின் வேர்த்தூவிகளை நூற்றுக்கணக்கான ரசாயனக் கரைசல்களில் போட்டு, எது சீக்கிரம் உள்ளே போகிறது, எது போகவில்லை என்று பார்த்தார். எண்ணெயில் சுலபமாகக் கரைவது எதுவோ அது செல்லுக்குள் சுலபமாகப் போனது. அப்படியானால் செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்பு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்றார்.

அடுத்தது 1925, ஹாலந்தின் லைடன் நகரம். எவெர்ட் கோர்ட்டர் ஒரு குழந்தை நல மருத்துவர். கிரெண்டெல் அவருடன் வேலை செய்தவர். இவர்கள் எடுத்துக்கொண்டது சிவப்பணுக்களை. காரணம் இருக்கிறது. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கிடையாது, உள்ளே வேறு எந்தச் சவ்வும் கிடையாது. ஹீமோகுளோபின் நிறைந்த ஒரே ஒரு பை. அதிலிருந்து எடுக்கும் கொழுப்பு முழுக்க முழுக்க வெளிச் சவ்வின் கொழுப்புதான். ஆடு, நாய், முயல், மனிதர் என்று பல ரத்தங்களை எடுத்து, செல்களை எண்ணி, அசிட்டோனால் கொழுப்பைப் பிரித்து, அதைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒற்றை மூலக்கூறு தடிமனில் பரவவிட்டு, பரப்பை அளந்தார்கள். செல்களின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்து எடுக்கவில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டது. செல்லின் பரப்பை அவர்கள் காய்ந்த செல்களை வைத்துக் கணக்கிட்டதால் அதுவும் குறைவாக வந்தது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன, விடை சரியாக வந்துவிட்டது. எங்கள் லேபில் இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் ஆடிட்டில் கிழித்துவிடுவார்கள். ஆனாலும் சரியான கேள்வி, சரியான செல். அந்தத் தேர்வுக்காகவே அவர்களுக்கு ஒரு சலாம்.

சரி, ஏன் இரண்டு அடுக்கு? சவ்வின் கொழுப்பு (லிப்பிட்) பெரும்பாலும் பாஸ்போலிப்பிட் என்ற வகை. அதன் ஒரு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். அதில் மின்சுமை இருக்கிறது. வால் இரண்டும் நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகள். தண்ணீரோடு அவற்றுக்கு எந்த ஒட்டுறவும் கிடையாது. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஓயாமல் கைகோத்துக்கொண்டே இருப்பவை. நடுவே ஒரு கொழுப்பு வால் வந்தால் அந்த இடத்தில் அவை தங்கள் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் வால்களை எல்லாம் ஒரே இடத்தில் ஒதுக்கித் தள்ளிவிடுகின்றன. தலைகள் வெளியே, வால்கள் உள்ளே, இரண்டு பக்கமும் தண்ணீர்: இதற்கு வசதியான ஒரே அமைப்பு இரட்டை அடுக்கு. யாரும் தைக்க வேண்டியதில்லை, ஒட்ட வேண்டியதில்லை. சின்ன ஓட்டை விழுந்தால் விளிம்பில் வால்கள் தண்ணீரில் படும். அதைத் தவிர்க்கவே அது தானாக மூடிக்கொள்ளும். ஒரு லிப்பிடுக்கும் பக்கத்து லிப்பிடுக்கும் நடுவே நிரந்தரப் பிணைப்பு ஒன்றுகூடக் கிடையாது. அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் தண்ணீரின் நிர்ப்பந்தம்.

இந்த எண்ணெய் நடுப்பகுதிதான் தடை. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அதில் கரைந்து நேராகக் கடந்துவிடும். சோடியம், பொட்டாசியம் அயனிகளால் முடியாது. அவை ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்து வைத்திருக்கின்றன. அந்தப் போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு எண்ணெய்க்குள் நுழைய ஏகப்பட்ட ஆற்றல் தேவை. தண்ணீர் இடைப்பட்டது. கொஞ்சம் கசியும். ஆனால் சிவப்பணுவில் அது போகும் வேகம் வெறும் கசிவால் வராது.

அந்த வேகத்துக்கான விடை பீட்டர் ஆக்ரே என்ற அமெரிக்க விஞ்ஞானியிடம் சிக்கியது, அவர் அதைத் தேடாதபோது. ரத்தத்தின் ஆர்எச் புரதத்தை (பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்கிறோமே, அது) பிரித்தெடுத்துக்கொண்டிருந்தவருக்கு 28 கிலோடால்டன் எடையுள்ள இன்னொரு புரதம் கூடவே வந்துகொண்டிருந்தது. முதலில் கலப்படம் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு செல்லுக்கு சுமார் 2 லட்சம் பிரதிகள் இருந்தன. இவ்வளவு இருப்பது சும்மா இருக்காது அல்லவா? 1992-இல் அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏவைத் தவளை முட்டைகளில் செலுத்திப் பார்த்தார்கள். தவளை முட்டை குளத்து நீரில் கிடந்தாலும் ஊதாது. தண்ணீரை அவ்வளவாக உள்ளே விடாத சவ்வு அதற்கு. ஆர்என்ஏ செலுத்திய முட்டைகள் நீர்த்த கரைசலில் போட்டதும் ஊதி, சில நிமிஷங்களில் வெடித்தன. அக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு துளையில் நொடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகின்றன. ஆனால் ஒரு புரோட்டானைக்கூட (ஹைட்ரஜன் அயனி) அது உள்ளே விடுவதில்லை.

2003-இல் ஆக்ரேயுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராடரிக் மெக்கின்னன், பொட்டாசியம் கடந்து போகும் புரதத் துளையான பொட்டாசியம் வாய்க்காலின் உருவத்தை 1998-இல் வெளியிட்டவர். அதில் இருந்த புதிர் இது: சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சின்னது. பெரியது போகும் துளையில் சின்னது ஏன் போவதில்லை? பொட்டாசியத்துக்கு ஒன்று என்றால் சோடியத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுகூடப் போவதில்லை. துளையின் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக உட்பக்கம் பார்த்து நிற்கின்றன. தண்ணீர்ப் போர்வையைக் கழற்றிய பொட்டாசியத்துக்கு அவை அதே தூரத்தில் அதே அணைப்பைத் தருகின்றன. நஷ்டமில்லை, உள்ளே போகிறது. சோடியம் சின்னதாக இருப்பதால் அந்த ஆக்சிஜன்கள் எட்டாது. போர்வையைக் கழற்றினால் ஈடு கிடைக்காது, அதனால் வெளியேயே நின்றுவிடுகிறது. இந்த விளக்கத்தை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

வாய்க்கால்கள் எல்லாம் கீழ்நோக்கித்தான் ஓடும். அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு. அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், சோடியம் உள்ளே வரும், கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். அதைத் தடுப்பது ஒரு பம்ப். 1957-இல் டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கோ நண்டுக் கால் நரம்புகளை அரைத்து, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருந்தால் மட்டும் ஏடிபியை (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) வேகமாக உடைக்கும் ஒரு நொதியைக் கண்டார். ஒரு ஏடிபி செலவுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் அதுதான். நோபல் வந்தது 1997-இல், நாற்பது வருஷம் கழித்து. ஓட்டைப் படகில் உட்கார்ந்து விடாமல் தண்ணீர் இறைப்பது மாதிரிதான் இதன் பிழைப்பு: ஓட்டை அடைபடாது, இறைப்பது நின்றால் மூழ்க வேண்டியதுதான்.

சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை என்று சொன்னேன் அல்லவா? அதனால் பம்புக்கான ஏடிபி முழுவதும் குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமல் உடைத்துத்தான் வர வேண்டும். ரத்தம் டியூபுக்கு வந்த பிறகும் செல்கள் இந்த வேலையை நிறுத்துவதில்லை. சர்க்கரை பார்க்க வேண்டிய சாம்பிளை அறை வெப்பத்தில் சும்மா வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறைந்துகொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் ஃபுளூரைடு போட்ட தனி டியூப்.

இங்கேதான் வார்டில் இருப்பவர்கள் நல்ல எண்ணத்தில் செய்யும் ஒரு காரியம் வந்து மாட்டுகிறது. ராத்திரி எடுத்த ரத்தத்தைக் காலையில் லேபுக்கு அனுப்பலாம் என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார்கள். குளிரில் குளுக்கோஸ் காப்பாற்றப்படும், உண்மைதான். ஆனால் 4 டிகிரியில் பம்ப் ஏறக்குறைய நின்றுபோகும். கசிவு அந்த அளவுக்கு நிற்காது. விடிவதற்குள் பொட்டாசியம் சத்தமில்லாமல் வெளியே வந்திருக்கும். ஒரு செல்கூட உடைந்திருக்காது. சீரம் அழகான வெளிர் மஞ்சளாக இருக்கும். மெஷினில் ஹீமோலைசிஸ் குறியீடு பூஜ்யம் காட்டும். பொட்டாசியம் மட்டும் 6-ஐத் தாண்டும். சிவந்த சாம்பிளையாவது கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். இந்த மஞ்சள் சாம்பிள்தான் ஆளை ஏமாற்றும். ‘எப்போது எடுத்தது, எங்கே வைத்திருந்தீர்கள்’ என்று கேட்பதைத் தவிர வழியில்லை. ரத்தத்தை முதலில் சுற்றி, சீரத்தைச் செல்லிலிருந்து பிரித்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு பிரச்சினையும் கிடையாது.

(இதோடு சேர்த்துக் குழப்பக்கூடிய இன்னொன்று: செல் எண்ணிக்கைக்கான ஊதா மூடி டியூபில் இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ, கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் உப்பு. அதை முதலில் நிரப்பி, அதிலிருந்து கொஞ்சம் இன்னொரு டியூபுக்கு மாற்றினால் பொட்டாசியம் எகிறும், கூடவே கால்சியம் தரைக்கு இறங்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் சவ்வைக் குறை சொல்ல வேண்டாம்.)

ரத்த வங்கிப் பைகளிலும் இதே கதைதான். 2 முதல் 6 டிகிரியில் வைக்கிறோம், சத்துக் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள்வரை. நாளாக ஆகப் பைக்குள் செல்லுக்கு வெளியே இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போய், கடைசி வாரத்தில் இயல்பைப்போல் பத்து மடங்கைத் தொடும். ஆனாலும் பெரியவர்களுக்கு ஒரு பை மெதுவாக ஏற்றும்போது ஒன்றும் ஆவதில்லை. திரவத்தின் அளவு குறைவு, உடம்பின் வெப்பத்திலும் குளுக்கோஸிலும் பம்ப் மறுபடி ஓட ஆரம்பித்து பொட்டாசியத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்கு ரத்தம் முழுவதையும் மாற்றும்போதுதான் ஒரு வாரத்துக்குள் எடுத்த புதுப் பையாகப் பார்த்துத் தேடுகிறோம்.

சவ்வின் வலுவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எங்களிடம் ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது: ஆஸ்மாட்டிக் ஃப்ரஜிலிட்டி. 0.9 சதவீத உப்புக் கரைசலிலிருந்து 0.1 வரை படிப்படியாக நீர்த்த டியூபுகளை ஸ்டாண்டில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ரத்தம் சேர்த்து, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு சுற்றி எடுத்தால் இடது பக்கம் தெளிந்த நீர், அடியில் சிவப்புப் பொட்டு. 0.5 பக்கம் வரும்போது மேல்நீரில் லேசாக ஒரு ரோஸ் சாயல். 0.4-இல் நல்ல சிவப்பு, அடியில் பொட்டு சிறுத்திருக்கும். 0.3-க்கு வந்தால் டியூப் முழுக்க ஒரே சிவப்பு, அடியில் ஒன்றுமே இருக்காது. மெஷின் 540 நானோமீட்டர் ஒளியில் படித்துச் சொல்வதற்கு முன்பே கண் சொல்லிவிடும்.

இதில் நடப்பது இதுதான். வெளியே உப்பு குறைந்தால் அக்வாபோரின் வழியே தண்ணீர் உள்ளே பாய்கிறது, செல் ஊதுகிறது. சவ்வால் நீளவே முடியாது என்று சொல்லலாம். பரப்பு மூன்று நான்கு சதவீதம் கூடினாலே கிழிந்துவிடும். அப்படியானால் 0.9-இலிருந்து 0.5 வரை எப்படித் தாங்கியது? சிவப்பணு உருண்டை இல்லை என்பதால். அதன் கொள்ளளவு சுமார் 90 ஃபெம்டோலிட்டர். அதே கொள்ளளவுக்கு ஒரு உருண்டை செய்தால் 97 சதுர மைக்ரோமீட்டர் சவ்வு போதும். செல்லிடம் இருப்பதோ 140 பக்கம். மிச்சமிருக்கும் நாற்பது சொச்சம்தான் அதன் சொத்து. நடுவில் குழிந்த தட்டு வடிவம் அதனால் வருகிறது. ஊதும்போது முதலில் குழி நிரம்பி, பிறகு உருண்டையாகி, கொள்ளளவு 150 வரை போகும்வரை சவ்வு நீள வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு மேல்தான் கிழிசல்.

இந்த உபரிச் சவ்வு இருப்பதால்தான் செல் தன் அகலத்தைவிடக் குறுகிய தந்துகிகளில் மடங்கிப் போகிறது, மண்ணீரலின் இடுக்குகளில் பிதுங்கி மறுபக்கம் வருகிறது. உபரி போனால் பிழைப்பு போச்சு. சிலருக்குப் பிறவியிலேயே சவ்வுக்கு அடியில் இருக்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலையிலோ அதைச் சவ்வோடு பிணைக்கும் புரதங்களிலோ கோளாறு இருக்கும். பிடிமானம் இல்லாத சவ்வு சின்னச் சின்னக் குமிழிகளாகக் கழன்று போய்க்கொண்டே இருக்கும். பரப்பு குறையக் குறைய செல் உருண்டையாகும். ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றிய ரத்தம்) பார்த்தால் நடுவில் வெளுப்பு இல்லாமல் முழுச் சிவப்பாக, கொஞ்சம் சின்னதாக, அடர்த்தியாகத் தெரியும். அவர்கள் ரத்தம் அந்த டியூப் வரிசையில் சீக்கிரமே சிவக்க ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட செல்களை மண்ணீரல் மடக்கிப் பிடித்து அழித்துவிடுவதால் ரத்தசோகை, மஞ்சள் காமாலை.

தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறில் நேர்மாறு. ஹீமோகுளோபின் குறைவு, அதனால் உள்ளடக்கத்துக்கு மேல் சவ்வு அதிகம். ஊதுவதற்கு நிறைய இடம். இந்தச் செல்கள் லேசில் உடையாது. இதை வைத்து ஒரு எளிய சோதனை உண்டு. 0.36 சதவீத பஃபர் கலந்த உப்புக் கரைசலில் கொஞ்சம் ரத்தம், அரை மணி நேரம், பிறகு டியூபுக்குப் பின்னால் கருப்புக் கோடு போட்ட ஒரு வெள்ளைத் தாள். செல்கள் எல்லாம் உடைந்திருந்தால் கரைசல் கண்ணாடிபோல் தெளிந்து கோடு பளிச்சென்று தெரியும். உடையாத செல்கள் மிதந்தால் கலங்கலாகிக் கோடு மறையும். அவரை அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இரும்புச்சத்துக் குறைவிலும் சில சமயம் கோடு மறையும் என்பதால் இதோடு முடிவு கட்டக் கூடாது. மின்சாரம்கூடத் தேவைப்படாத ஒரு சோதனை. லேபில் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

புத்தகப் படத்தில் இன்னொரு குறை, எல்லாம் அசையாமல் நிற்பது. உண்மையில் ஒரு லிப்பிட் தன் பக்கத்து ஆளோடு நொடிக்கு ஒரு கோடி தடவை இடம் மாறுகிறது. 1970-இல் ஃப்ரையும் எடிடினும் ஒரு மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கும் வேறு வேறு நிறத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் பாதிக்குப் பாதியாக இருந்த நிறங்கள் 37 டிகிரியில் நாற்பது நிமிஷத்தில் முழுக்கக் கலந்துவிட்டன. குளிர வைத்தால் கலக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்ட ‘திரவ மொசைக்’ மாடல்தான், அதாவது ஓடும் கொழுப்பில் மிதக்கும் புரதங்கள் என்ற விளக்கம்தான், இன்றைக்கும் பாடத்தில் இருப்பது.

பக்கவாட்டில் இவ்வளவு சுதந்திரமாக ஓடும் லிப்பிட், மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குத் தானாகத் தாவுவது மட்டும் அபூர்வம். மின்சுமையுள்ள தலை எண்ணெயைக் கடக்க வேண்டுமே. அதனால் இரண்டு அடுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற லிப்பிட் உள்ளடுக்கில் மட்டுமே இருக்கும்படி ஏடிபி செலவழித்து ஒரு புரதம் பார்த்துக்கொள்கிறது. சாகும் செல்லில் அந்தக் காவல் தளர்ந்து அது வெளியே தெரிய ஆரம்பிக்கும். உடம்பின் துப்புரவு வேலையைச் செய்யும் மேக்ரோபேஜ் செல்கள் அதைப் பார்த்து அந்தச் செல்லை விழுங்கிவிடும். சிவப்பணு 120 நாளில் அகற்றப்படுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. தட்டணுக்கள் இதே காரியத்தை வேண்டுமென்றே செய்கின்றன: காயம் பட்ட இடத்தில் அந்த லிப்பிடை வெளியே திருப்பினால்தான் ரத்தம் உறைவதற்கான புரதங்கள் வந்து உட்கார இடம் கிடைக்கும்.

வெளிப்பக்கத்தில் இன்னொரு சங்கதி, சர்க்கரைச் சங்கிலிகள். சவ்வின் புரதங்களிலும் லிப்பிடுகளிலும் ஒட்டிக்கொண்டு வெளிநோக்கி நீட்டியிருக்கும். கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901-இல் பிரித்துக் காட்டிய ரத்தப் பிரிவுகள் எல்லாம் இந்தச் சங்கிலியின் நுனியில் நடக்கும் விஷயம். எச் என்ற அடிப்படைச் சங்கிலி கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. அதன் நுனியில் என்-அசிட்டைல் கேலக்டோசமின் சேர்ந்தால் ஏ. கேலக்டோஸ் சேர்ந்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி, எதுவும் சேராவிட்டால் ஓ. ஒரு சர்க்கரை மூலக்கூறில் சில அணுக்கள் வித்தியாசம். மாற்றி ஏற்றினால் உயிர் போகும்.

1952-இல் மும்பையில் பெண்டேயும் சகாக்களும் பதிவு செய்தது இதைவிடச் சிக்கலான ஒரு வகை. அந்த எச் சங்கிலியே இல்லாதவர்கள். அடி இல்லாவிட்டால் நுனி எங்கே ஒட்டும்? ஏ மரபணுவோ பி மரபணுவோ இருந்தாலும் செல்லின் மேல் ஒன்றும் தெரியாது. ரத்தப் பிரிவு பார்க்கும் டைலில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி (ஏ, பி நுனிகளைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள்) விட்டுப் பார்த்தால் இரண்டிலும் செல்கள் கட்டி சேராது. அச்சு அசல் ஓ மாதிரியே இருக்கும். ஆனால் அவர்களின் பிளாஸ்மாவில் எச்-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. ஓ செல்லில்தான் எச் மிக அதிகம். ஓ என்று நம்பி ஓ ரத்தத்தை ஏற்றினால் ஏற்றிய செல்கள் அத்தனையும் உடையும். பிடிபட வேண்டுமானால் அவர்களின் சீரத்தை ஓ செல்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது ஆன்டி-எச் லெக்டின் (எச் சங்கிலியைப் பிடிக்கும் தாவரப் புரதம்) விட வேண்டும். அவசரம், எமர்ஜென்சி என்று எத்தனை போன் வந்தாலும் சரி, ரிவர்ஸ் குரூப்பிங்கில் (பிரிவு தெரிந்த செல்களோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்துப் பார்ப்பது) ஓ செல் டியூபையும் வைத்துப் பார்க்காமல் ஓ என்று எழுதிய ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.